தவணைக்கும் தளத்துக்கும் நடுவே: மதுரை வட்டாரத்தில் ஏழைக் குடும்பங்களின் வீடும் களஞ்சியக் கூட்டமைப்புகளும்

அரசு உதவியோடு கட்டத் தொடங்கி, ஜன்னல் மட்டத்தில் நின்றுபோன வீடுகளை மதுரை மாவட்டத்தின் கிராமங்களில் காண்பது அரிதல்ல. பயனாளிகள் பட்டியலில் பெயர் வந்திருக்கும், பணி ஆணையும் கைக்கு வந்திருக்கும், முதல் தவணையும் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கும். ஆனாலும் சுவரின் மேல் தளம் ஏறியிருக்காது. அக்குடும்பம் பழைய குடிசையிலோ, சுவருக்குள்ளேயே தகரம் போட்ட ஒரு மூலையிலோ குடியிருக்கும். இப்படி நின்றுபோன வீட்டுக்குக் காரணம் கேட்டால் "பணம் பத்தலை" என்ற பதில்தான் வரும். பணம் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு குறைந்தது என்று துருவிக் கேட்டால்தான் உண்மையான சிக்கல் புலப்படும். ஏழைக் குடும்பங்களின் வீட்டு வசதியில் ஒரு வட்டாரத் தொண்டு நிறுவனமும், அது வளர்த்தெடுத்த பெண்கள் கூட்டமைப்புகளும் எந்த இடத்தில் நின்று உதவ முடியும், எந்த இடத்தில் அவற்றின் கை எட்டாது என்பதை மதுரைப் பகுதியை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கல்லும் சிமெண்டும் வாங்கிக் கொடுப்பது அத்தகைய நிறுவனத்தின் தலையாய பணி அல்ல. அரசின் தவணைக்கும் வீட்டின் தளத்துக்கும் நடுவில் உள்ள காலத்தையும் காகிதத்தையும் ஏழைக் குடும்பம் கடந்து செல்ல வழி செய்வதே அதன் தலையாய பணி.

நிறுவனமும் அமைப்பும்

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1997-ஆம் ஆண்டு தனி அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் வேர் அதற்கும் முந்தையது. பிரதான் என்ற அனைத்திந்தியத் தொண்டு நிறுவனத்தின் தமிழ்நாட்டுப் பிரிவாக, ம.ப. வாசிமலை தலைமையில், 1990-இல் மதுரை மாவட்டத்தில் பெண்களின் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கியதிலிருந்து அந்த வேலை நடந்துவந்தது. அக்குழுக்களுக்குக் களஞ்சியம் என்று பெயர். 1992-இல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை 500 குழுக்களுடன் தொடங்கியபோது, மதுரைப் பகுதியில் சேமிப்புப் பழக்கம் ஊன்றிய பெண்கள் குழுக்கள் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தன.

அமைப்பு மூன்று அடுக்கு கொண்டது. ஒரே தெருவில் அல்லது ஒரே சிற்றூரில் வாழும் 15 முதல் 20 பெண்கள் சேர்ந்தது ஒரு களஞ்சியம். அருகருகே உள்ள குழுக்கள் சேர்ந்தால் ஒரு தொகுப்பு. ஓர் ஒன்றியத்தின் அளவில் தொகுப்புகளெல்லாம் இணைந்தால் அது வட்டாரக் களஞ்சியம் என்ற கூட்டமைப்பு. சில ஆயிரம் குடும்பங்கள் அதில் அடங்கும். கூட்டமைப்பு தனியே பதிவு செய்யப்பட்ட அமைப்பாக, உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த பெண் தலைவிகளின் பொறுப்பில் இயங்குகிறது. கணக்கு எழுதுவோரின் ஊதியத்துக்கும் அதுவே வருவாய் ஈட்டிக்கொள்ள வேண்டும். தொண்டு நிறுவனம் வெளியேறினாலும் அமைப்பு நிற்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டின் அடியில் இருக்கிறது. வீட்டைப் பற்றிப் பேசும்போது இந்த அடுக்குமுறை ஏன் முக்கியம் என்பது கடன் கால அளவைப் பார்க்கும்போது தெளிவாகும்.

குழுக்கள் தொடக்கத்தில் கொடுத்த கடன்கள் சிறியவை: அரிசி வாங்க, மருத்துவச் செலவுக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, ஈட்டுக்காரரிடமிருந்து நகையை மீட்க, ஒத்தி வைத்த நிலத்தைத் திருப்ப. வீட்டுக் கடன் பின்னால்தான் வந்தது. அதுவும் புது வீடாக வரவில்லை. மண்சுவருக்குப் பூச்சு, கூரைக்கு ஓடு, தரைக்குத் தளம், கழிப்பறை, ஒரு கதவு என்று துண்டு துண்டாக வந்தது. வங்கியியல் நோக்கில் வீட்டுக் கடனை நுகர்வுக் கடன் என்று ஒதுக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. பூக்கட்டும் பெண்ணுக்கும், தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்ணுக்கும், அப்பளம் உருட்டும் பெண்ணுக்கும் வீடுதான் தொழிற்கூடம். மழை பெய்தால் ஒழுகும் கூரையின் கீழ் அப்பளம் காயாது, தைக்க வந்த துணி நனையும், அந்த நாளின் கூலியும் போகும். இந்தக் கணக்கைக் குழுவில் உள்ள பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அறிந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் அது மெதுவாகப் புரிந்தது.

அரசுத் திட்டங்கள் விட்டுச்செல்லும் இடைவெளி

வீட்டு வசதிக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1985-இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 1990-களின் இறுதியில் திருமங்கலத்துக்கு அருகே மேலக்கோட்டையில் முதலாவதாக எழுந்த பெரியார் நினைவு சமத்துவபுரம், 2010-இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் 300 சதுர அடியில் சூரிய மின்விளக்குகளோடு வந்த பசுமை வீடுகள் திட்டம், 2016 முதல் ஊரகப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் என ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்கள் வந்தன. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் ஊரகப் பகுதியில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கோடு, ஒரு வீட்டுக்கு 3,50,000 ரூபாய் மதிப்பில், 360 சதுர அடிக்குக் குறையாத வீட்டைக் கட்ட உதவுகிறது. மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1,20,000 ரூபாய் அடிப்படை உதவி. தளத்துக்கான கூடுதல் தொகையை மாநில அரசு தருகிறது, நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 மனித நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் இதனுடன் சேரும். இவை சிறிய தொகைகள் அல்ல.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கொத்தனார் கூலியையும் பொருள் விலையையும் சேர்த்துச் சதுர அடிக்கு 1,800 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 360 சதுர அடிக்கு 6,48,000 ரூபாய் ஆகிறது. அரசு மதிப்பான 3,50,000 ரூபாயைக் கழித்தால் 2,98,000 ரூபாய் மிஞ்சுகிறது. குடும்பத்தினர் தாங்களே வானம் தோண்டி, சித்தாள் வேலை செய்து, பழைய செங்கல்லையும் நிலையையும் பயன்படுத்தி இதில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். மீதியைக் கடனாகவே புரட்ட வேண்டும். இது முதல் இடைவெளி. இதை எல்லோரும் அறிவார்கள்.

இரண்டாவது இடைவெளியைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படுவதில்லை. உதவித்தொகை முன்பணமாக மொத்தமாக வருவதில்லை. அடித்தளம் முடிந்ததும் ஒரு தவணை, ஜன்னல் மட்டம் முடிந்ததும் ஒன்று, தளம் போட்டதும் ஒன்று, எல்லாம் முடிந்ததும் கடைசித் தவணை என்று, ஒவ்வொரு கட்டத்தையும் ஒன்றியப் பணி மேற்பார்வையாளர் வந்து பார்த்துப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே பணம் கணக்கில் ஏறும். முறைகேட்டைத் தடுக்க இந்த ஏற்பாடு தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், முதல் ரூபாயைச் செலவு செய்ய வேண்டியவர் ஏழை. அரசு அதைப் பின்னால் ஈடுசெய்கிறது. தினக்கூலிக் குடும்பத்திடம் அடித்தளத்துக்கான பணம் முன்கூட்டியே இருந்திருந்தால் அக்குடும்பத்துக்கு இந்தத் திட்டமே தேவைப்பட்டிருக்காது.

இந்த இடத்தில்தான் வட்டிக்காரர் நுழைகிறார். ஒரு கட்டத்தை முடிக்க 60,000 ரூபாய் தேவை, செலவு செய்த நாளுக்கும் தவணை ஏறும் நாளுக்கும் நடுவே மூன்று மாதம் ஆகிறது என்று எடுத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்கினால் மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய் வட்டி. நூற்றுக்கு ஐந்து என்றால் 9,000. நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவில் ஒரு கூட்டமைப்பு கொடுத்தால் 2,700. பத்து வட்டிக்கும் ஒன்றரை வட்டிக்கும் உள்ள வேறுபாடு 15,300 ரூபாய். சிமெண்ட் மூட்டை 400 ரூபாய் என்றால் 38 மூட்டை. ஒரு கட்டத்துக்கே இவ்வளவு, கட்டங்களோ நான்கு. கந்து வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. ஆயினும் நாளை காலையில் தளம் போடக் கலவை இயந்திரமும் சென்ட்ரிங் பலகையும் ஆட்களும் வந்து நிற்கும்போது, அன்று இரவே பணம் தரக்கூடியவர் யார் என்பதுதான் கேள்வி. சட்டம் அந்தப் பணத்தைத் தராது.

வட்டாரக் கூட்டமைப்பு ஏழைக் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த இடைக்காலக் கடன்தான் என்பது என் உறுதியான கருத்து. தொகை பெரிதல்ல, காலமும் நீண்டதல்ல, திரும்பி வரும் வழியும் அரசின் தவணையாகத் தெளிவாகத் தெரிகிறது. குழுவில் உள்ள மற்ற பெண்கள் அந்த வீட்டைத் தினமும் கடந்து போகிறவர்கள். அடித்தளம் உண்மையில் முடிந்துவிட்டதா, பணம் கம்பிக்குப் போனதா அல்லது காதுகுத்துக்குப் போனதா என்பது எந்த ஆய்வாளரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வங்கி மேலாளருக்கு இந்த அறிவு கிடைக்க வழியே இல்லை. ஆடி மாதத்தில் நிலை வைக்க மாட்டார்கள், மார்கழியில் புது வேலை தொடங்க மாட்டார்கள் என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்வார்கள். ஆனி மாதக் கடைசியில் தவணை வந்தால் ஆவணி வரை அந்தப் பணம் வீட்டில் சும்மா இருக்கும், வேறு செலவில் கரையும் என்று முன்கூட்டியே சொல்லி, பொருளாக வாங்கி வைக்கச் சொல்வதும் கூட்டத்தில் நடக்கிற பேச்சுதான்.

பட்டா என்ற முதல் படி

கடனுக்கும் முன்னே காகிதம் இருக்கிறது. அரசுத் திட்டத்தில் வீடு பெற, மனை தன் பெயரில் இருக்க வேண்டும். மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெரும்பாலான ஏழைக் குடியிருப்புகள் நத்தம் மனைகளில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில், இருக்கின்றன. நத்தம் பட்டா தாத்தாவின் பெயரில் இருக்கும். தாத்தாவுக்கு நான்கு மகன்கள், இரண்டு மகள்கள். அதில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஒருவர் கேரளத்தில். இறப்புச் சான்று வாங்கி, வாரிசுச் சான்று வாங்கி, அனைவரும் கையெழுத்திட்டு, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வருவதற்குள் ஒரு நிதியாண்டின் ஒதுக்கீடே முடிந்துவிடுகிறது. சில இடங்களில் நத்தம் நிலவரித் திட்டத்தின்போது கொடுத்த தோராயப் பட்டாவே இன்னும் கையில் இருக்கிறது. தூய பட்டாவாக அது மாறியிருக்காது.

குழுக்கள் இதில் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருத்தி தனியாகப் போய் நிற்பதற்கும், தொகுப்புத் தலைவி பத்துப் பேரின் மனுக்களை ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டு போவதற்கும் வேறுபாடு உண்டு. பிரிந்து நிற்கும் அண்ணன் தம்பிகளைக் கூட்டிவைத்துப் பேசி, "அவளும் உன் தங்கச்சிதானப்பா, கையெழுத்தைப் போட்டுக் கொடு" என்று ஒரு மூத்த பெண் சொல்லும்போது, வக்கீல் நோட்டீஸால் நடக்காதது நடக்கும். இத்தகைய உழைப்புக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் தலைப்பு கிடையாது, எந்த நிதியுதவியாளரும் இதற்குப் பணம் ஒதுக்குவதில்லை. ஆனால் வீடு கிடைத்த குடும்பத்துக்கும் கிடைக்காத குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் இந்த ஒரு கையெழுத்துதான்.

மனையைப் பெண்ணின் பெயரில் பதிவு செய்யும் பழக்கத்தையும் குழுக்கள் வலியுறுத்த வேண்டும். மத்தியத் திட்டமே வீட்டைப் பெண்ணின் பெயரில் அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒதுக்கச் சொல்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும் இதற்குத் துணை. பணச் சலுகையைவிட, கணவன் குடித்துவிட்டு வந்து வெளியே போ என்று சொல்லும் இரவில் யார் பெயரில் வீடு இருக்கிறது என்பது பெரிய செய்தி.

கால அளவுச் சிக்கல்

மேலே சொன்ன முதல் இடைவெளி, அதாவது அரசு உதவிக்கு மேல் குடும்பமே புரட்ட வேண்டிய தொகை, கூட்டமைப்புக்குக் கடினமான சோதனை. ஒரு குழுவின் மொத்தச் சேமிப்பையும் ஒரே பெண்ணின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்களின் மருத்துவச் செலவுக்குப் பணம் இருக்காது. இதனால்தான் அடுக்குமுறை தேவைப்படுகிறது. குழு தாங்காத தொகையைக் கூட்டமைப்பு தாங்கலாம். கூட்டமைப்பும் தாங்காததை வங்கியிடமோ வீட்டு வசதி நிதி நிறுவனத்திடமோ மொத்தமாகக் கடன் வாங்கிப் பிரித்துக் கொடுக்கலாம். தனிப்பெண்ணுக்கு மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் சட்டக் கருத்தும் சம்பளச் சீட்டும் கேட்கும் வங்கி, பல ஆண்டுக் கணக்குப் பதிவேடு உள்ள ஒரு கூட்டமைப்பிடம் வேறு விதமாகப் பேசும்.

ஆனால் சிறுகடன் பழக்கமான இரண்டு மூன்று ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடனை அடக்க முடியாது. 1,50,000 ரூபாயை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்குக் கொடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 5,420 ரூபாய். அதையே ஐந்து ஆண்டாக்கினால் 3,810. வட்டி 12 சதவீதம், காலம் பத்து ஆண்டு என்றால் 2,150. நூறு நாள் வேலையும் அறுவடைக் கூலியும் மாடு ஒன்றும் உள்ள குடும்பத்துக்கு முதலில் சொன்ன மாதத் தொகை தாங்காது, மூன்றாவதாகச் சொன்னது தாங்கும். பத்தாண்டுக் கடனைத் தர, பத்தாண்டுக் காலத்துக்கான பணம் கூட்டமைப்பின் கையில் இருக்க வேண்டும்; உறுப்பினர் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கக்கூடிய சேமிப்பை அப்படிப் பூட்டிவைக்க முடியாது. வீட்டுக் கடன் வசூலாகாமல் போன குழுவின் குறையை அந்தப் பெண்ணின் நேர்மையில் தேடுவதற்கு முன் தவணைக் காலத்தில் தேட வேண்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான சொல்லும் தேவைப்படுகிறது. அரசு 360 சதுர அடிக்கு உதவி தந்தால், மகன் கல்யாணத்தை நினைத்து 600 சதுர அடிக்குக் கடைக்கால் எடுக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த ஆசையில் தவறில்லை. ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வீடு கட்டப்படுகிறது. ஆயினும் நின்றுபோன வீடுகளில் பல, இந்தக் கூடுதல் அடிகளால் நின்றவை. "இப்போது சிறிதாக முடியுங்கள், மாடிக்குக் கம்பியை விட்டு வையுங்கள்" என்று கூட்டத்தில் சொல்வது எளிதல்ல. சொல்கிற தலைவியின் மேல் கோபம் வரும். சொல்லாவிட்டால் அந்தக் கோபம் இரண்டு ஆண்டு கழித்துக் கடன் புத்தகத்தில் வரும்.

மண்ணும் கட்டுமானமும்

மாவட்டம் முழுவதற்கும் உதவித்தொகை ஒன்று, மண் ஒன்றல்ல. அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் செம்மண் அதிகம். மேலூர்ப் பக்கம் பாறை மேலேயே தட்டுப்படும். திருமங்கலம், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டிப் பகுதிகளில் கரிசல். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். மேலாக எடுத்த அடித்தளத்தின் மேல் எழுந்த சுவர் இரண்டாம் ஆண்டிலேயே மூலைக்கு மூலை விரிசல் விடும். ஆழமாகத் தோண்டி, மணலோ கிராவலோ நிரப்பி, அடியில் கான்கிரீட் பெல்ட் ஓட்டி எடுத்தால்தான் நிற்கும். அந்தக் கூடுதல் செலவு முழுவதும் மண்ணுக்குள் போய்விடுகிறது. புகைப்படத்தில் தெரியாது, தவணையிலும் சேராது. கரிசல் பகுதிக் குடும்பத்துக்கு இடைக்காலக் கடனின் முதல் கட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்று கூட்டமைப்பு தனியாக விதி வகுத்துக்கொள்ளலாம். மாநில அளவிலான திட்டத்தால் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியாது.

பொருள் விலையைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கினார். செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும், வெயிலும் உள்ளே இறங்காது. மதுரை வெயிலுக்கு அது மிகவும் பொருந்தும். இருந்தும் இங்கே ஹாலோ பிளாக்கே பரவியது, ஏனெனில் கொத்தனாருக்கு அதுதான் கை பழகியது, வேலையும் சீக்கிரம் முடியும். புது முறையைப் பரப்ப விரும்பும் நிறுவனம் வரைபடம் அச்சடிப்பதற்கு முன் ஊருக்கு இரண்டு கொத்தனார்களைப் பழக்க வேண்டும். வைகை மணல் கிடைக்காத நாளில், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு மாறியபோதும் இதே கதைதான். தரமான எம்-சாண்டையும் கல்குவாரித் தூளையும் கையில் எடுத்துப் பிரித்தறியக் கற்ற பெண்கள், பூச்சு உதிர்வதிலிருந்து தங்கள் வீட்டைக் காத்துக்கொண்டார்கள்.

நகரத்துக் குடும்பங்களும் ஒத்தியும்

மதுரை மாநகராட்சி 2011-இல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. நகருக்குள் ஏழைக் குடும்பம் சொந்த மனை வாங்குவது ஏறக்குறைய இயலாதது. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது, எல்லீஸ் நகர் போன்ற இடங்களில் நகருக்குள்ளும், ராஜாக்கூர் போன்ற இடங்களில் நகருக்கு வெளியிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியிருக்கிறது. நகருக்கு வெளியே போன குடும்பத்துக்குக் கூரை கிடைக்கிறது. ஆனால் விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கும் காய்கறிச் சந்தைக்கும் போக வேண்டிய பெண்ணுக்குப் பேருந்துச் செலவும் நேரமும் கூலியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன.

காம்பவுண்டு வீடுகளில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு நடைமுறையில் எட்டக்கூடிய ஏற்றம் ஒத்தி. இரண்டு மூன்று லட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தக் காலம் முழுக்க வாடகையில்லாமல் இருந்து, வெளியேறும்போது முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் இம்முறை மதுரையில் எல்லாத் தட்டு மக்களிடமும் உண்டு. வீட்டு வசதி பற்றிய திட்ட ஆவணங்கள் சொந்த வீட்டையும் வாடகையையும் மட்டுமே அறிந்தவை. ஒத்தி அவற்றின் கண்ணில் படுவதில்லை. மாதம் 3,000 ரூபாய் வாடகை கொடுக்கும் குடும்பம் ஒத்திக்கு மாறினால், அதே 3,000 ரூபாயைக் கூட்டமைப்பின் கடனுக்குத் தவணையாகக் கட்டலாம். கடன் அடைந்த நாளில் ஒத்திப் பணம் முழுவதும் அக்குடும்பத்தின் சொத்தாக நிற்கும். பின்னால் புறநகரில் ஒன்றரை சென்ட் மனைக்கு அதுவே முதலாகும். களஞ்சியக் குழுக்கள் ஒத்திக் கடனை ஒரு தனி வகையாகப் போற்றி வளர்க்க வேண்டும் என்பேன்.

இதில் ஆபத்தும் உண்டு. வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்தில் செலவு செய்துவிட்டு, காலம் முடிந்தபின் "அடுத்த ஒத்திக்காரர் வரட்டும்" என்பார். வெற்று முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் அப்போது உதவாது. வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருந்தும், அதைச் செய்வோர் குறைவு. கடன் தரும் கூட்டமைப்பு, பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால்தான் கடன் என்று நிபந்தனை வைத்தால், ஏழைப் பெண் தனியாகக் கேட்கத் தயங்கும் ஒன்றை அமைப்பின் பெயரில் கேட்க முடியும்.

எட்டாத இடம்

மதுரையின் களஞ்சிய இயக்கத்துக்கு நாடறிந்த முகம் சின்னப்பிள்ளை. பில்லுச்சேரியைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாமலேயே ஆயிரக்கணக்கான பெண்களைச் சேமிப்பில் ஒன்றுசேர்த்தவர். 2001-இல் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அத்தகைய ஒருவரே, பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் தமக்கு வீடு கிடைக்கவில்லை என்று 2024-இல் வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. அதன்பின் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அவருக்கு வீடு கட்டித்தர உத்தரவிட்டார். இந்த ஆய்வுக்கு இதைவிடக் கூரிய சான்று இல்லை. சேமிப்பும் ஒற்றுமையும் நற்பெயரும் ஒரு பெண்ணை நாட்டின் தலைநகர் வரை கொண்டுசென்றன. மனை, பட்டா, பயனாளிப் பட்டியல் என்ற மூன்றும் வேறு கணக்கில் நடப்பவை. அங்கே இயக்கத்தின் பலம் தானாகப் போய்ச் சேர்வதில்லை. அவர் குரல் முதலமைச்சர் வரை எட்டியது. அதே ஊரில் அதே நிலையில் உள்ள, விருது பெறாத பெண்ணின் குரலை எடுத்துச் செல்லக் கூட்டமைப்பைத் தவிர வேறு யாரும் இல்லை.

மனையே இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினம். கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வைகைக் கரையிலும் தலைமுறையாகக் குடியிருப்போர் மின்கட்டணமும் வீட்டு வரியும் கட்டிக்கொண்டு, பட்டா இல்லாத காரணத்தால் எந்த வீட்டுத் திட்டத்திலும் சேர முடியாமல் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அமைச்சரவை, சென்னையைச் சுற்றிய பகுதிகளிலும் மதுரை, நெல்லை உள்ளிட்ட நகரங்களிலும் ஆட்சேபணையற்ற புறம்போக்கில், அதாவது குடியிருப்புக்குத் தர அரசுக்குத் தடையில்லாத அரசு நிலத்தில், வாழும் ஏறத்தாழ 86,000 குடும்பங்களுக்குப் பட்டா வழங்க முடிவு செய்தது. அந்த முடிவு நீர்நிலைப் புறம்போக்குக்குப் பொருந்தாது. கண்மாய்களைக் காக்க வேண்டியதும் கட்டாயம் என்பதால், அக்குடும்பங்களுக்கு மாற்று மனை ஒன்றே வழி. கண்மாய்களைச் சீரமைக்கும் வயலகம் என்ற திட்டத்தை 1992 முதல் நடத்திவருவதும் இதே தானம் அறக்கட்டளைதான் என்பதால், கரையில் குடியிருப்பவரையும் கரையையும் ஒருசேரக் காக்கும் பேச்சை இங்கே தொடங்கும் தகுதி அதற்கு வேறு எவரையும்விட அதிகம் உண்டு.

ஆட்சேபணையற்ற மனையில் இருப்போரைப் பொறுத்தவரை, பட்டா முகாம் அறிவித்த பிறகு காகிதம் தேடினால் காலம் போதாது. குடும்ப அட்டை, ஆதார், பழைய மின்கட்டண ரசீதுகள், வீட்டு வரி ரசீது, வாக்காளர் பட்டியலில் அந்த முகவரி உள்ள பக்கம் ஆகியவற்றைக் குழுக் கூட்டத்திலேயே உறுப்பினர் வாரியாகச் சரிபார்த்து, குறைவதைக் குறித்துவைத்து, யார் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று மாதாமாதம் பிரித்துக்கொள்ள வேண்டும். சேமிப்புப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் அதே கூட்டத்தில் இதற்கும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.